வாக்கும் வகுப்பும்: பழவேற்காடு ஏரிக்கரையில் குடிபெயர்ந்தோரின் மொழிக் கல்வி

கேள்வியும் களமும்

பழவேற்காடு ஏரி இரண்டு மாநிலங்களுக்குப் பொதுவானது. பெரும்பகுதி ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது; 2022 வரை அது நெல்லூர் மாவட்டம். தெற்கு முனை மட்டும் தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்துக்குள் வருகிறது. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி இதுதான். தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியும் வந்து கலக்கின்றன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது.

இந்த ஏரியைச் சுற்றி ஆட்கள் இடம் மாறுவது புதிதல்ல. 1613-இல் ஜெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர்கள் 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1969-இல் ஸ்ரீஹரிக்கோட்டா ராக்கெட் ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டபின் அங்கிருந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு ஏரிக்கரை ஊர்களில் குடியேறின. எண்ணூரில் 2001-இல் இயங்கத் தொடங்கிய துறைமுகமும், பின்னர் காட்டுப்பள்ளியில் வந்த துறைமுகமும், கும்மிடிப்பூண்டியின் சிப்காட் வளாகமும், ஆரணியாற்றுப் படுகையின் செங்கல் சூளைகளும் வடமாநிலத் தொழிலாளர்களை இப்பகுதிக்குக் கொண்டுவந்திருக்கின்றன. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் வீட்டில் தமிழ், தெலுங்கு, ஒடியா, இந்தி பேசும் பிள்ளைகள் வாழ்கிறார்கள். இவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும், வீட்டு மொழிக்கு அப்பால் இன்னொரு மொழி பிழைப்புக்குத் தேவைப்படுகிறது. சிலருக்கு அது ஆங்கிலம், சிலருக்குத் தமிழ்.

குடிபெயர்ந்தவர்களுக்கு நல்ல மொழிக் கல்வி வேண்டும் என்ற கோரிக்கை, தேர்தலுக்கு முன் கட்சிகளிடம் வைக்கப்படும் கோரிக்கையாக எப்போது உருவாகிறது, எப்போது உருவாகாமல் போகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பிரிட்டனில் அப்படியொரு கோரிக்கை இயக்கமாகவே நடந்திருக்கிறது. மொழிக்காக ஆட்சியே மாறிய தமிழ்நாட்டில் அது நடக்கவில்லை. இந்த முரணுக்கு ஏரியின் இரு கரைகளும் பின்னிலமும் சேர்ந்து ஓரளவு விளக்கம் தருகின்றன.

ஏற்கனவே உள்ள விளக்கங்கள்

மொழிக் கல்வி குறித்துத் தென்னிந்தியாவில் மூன்று விதமான வாதங்கள் வழக்கில் இருக்கின்றன. முதலாவது, மொழியை இனத்தின் உரிமையாகப் பார்ப்பது. 1938, 1965 ஆகிய ஆண்டுகளின் இந்தி எதிர்ப்புப் போராட்டங்கள், 1967 தேர்தல் வெற்றி, 1968 ஜனவரியில் அண்ணா அரசு நிறைவேற்றிய இருமொழித் தீர்மானம் எல்லாம் இந்தக் கோட்டில் வருபவை. இரண்டாவது, ஆங்கிலத்தைச் சமூக விடுதலைக் கருவியாகப் பார்ப்பது. தலித்-பகுஜன் சிந்தனையாளர் காஞ்சா அய்லய்யா இதை விடாமல் பேசிவருகிறார். உத்தரப்பிரதேசத்தில் 2010-இல் ஆங்கிலத்துக்குக் கோயில் கட்டும் முயற்சிவரை தலித் எழுத்தாளர் சந்திரபான் பிரசாத் இதைக் கொண்டுபோனார். மூன்றாவது கல்வியாளர்களின் வாதம்: தொடக்கக் கல்வி தாய்மொழியில்தான் இருக்க வேண்டும் என்று 1953-இன் யுனெஸ்கோ அறிக்கையிலிருந்து சொல்லப்பட்டு வருவது. அரசியலமைப்பின் 350ஏ பிரிவும், 2009-இன் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் இதையே வெவ்வேறு அழுத்தத்தில் சொல்கின்றன.

மூன்று வாதங்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்றாலும் மூன்றுக்கும் பொதுவான ஓர் அனுமானம் உண்டு. பிள்ளை ஓர் ஊரில் பிறந்து, அதே ஊர்ப் பள்ளியில் சேர்ந்து, அங்கேயே பத்தாவது எழுதும் என்பது அது. ஆண்டில் ஆறு மாதம் ஒரு மாநிலத்திலும் ஆறு மாதம் இன்னொரு மாநிலத்திலும் இருக்கிற பிள்ளைக்குப் பயிற்றுமொழி எது என்ற கேள்வியை இவற்றில் எதுவும் எழுப்பியதில்லை. வளர்ந்தபின் வேறு மொழிச் சூழலுக்குப் போகிறவர்களைப் பற்றிய பேச்சு இன்னும் குறைவு. 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. தமிழ்நாட்டில் அது தமிழ் எழுத்தறிவையே கற்பிக்கிறது. அதே ஆண்டு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி உண்டு, ஆனால் அது மாணவர்களுக்கானது. நடுவில் இருக்கும் பெரிய கூட்டம் எந்தத் திட்டத்திலும் வருவதில்லை.

வடகரை: ஆங்கில வழி தேர்தல் பொருளானபோது

ஆங்கிலக் கல்வி நேரடியாகத் தேர்தல் பொருளான அண்மைக்கால உதாரணம் ஏரியின் ஆந்திரக் கரையிலேயே கிடைக்கிறது. 2019-இல் ஆட்சிக்கு வந்த ஜெகன்மோகன் ரெட்டி அரசு, அவ்வாண்டு நவம்பரில் அரசுப் பள்ளிகளில் ஒன்றிலிருந்து ஆறாம் வகுப்புவரை ஆங்கில வழியைக் கட்டாயமாக்கி ஆணை பிறப்பித்தது. 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கூடவே பெற்றோரிடம் விருப்பம் கேட்டு, 96 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆங்கில வழியையே கேட்டதாக அறிவித்தது. அதன்பின் இருமொழிப் பாடநூல்கள், 2022 டிசம்பரில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு டேப்லெட்டுகள், 2023-இல் டோஃபல் தேர்வுக்கான ஒப்பந்தம் என ஒவ்வொன்றாக வந்தன. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் கிடைப்பதைப் பணக்காரர்கள் தடுக்கிறார்கள் என்பது 2024 தேர்தலில் ஆளும் கட்சியின் முக்கியப் பேச்சாக இருந்தது.

அந்தத் தேர்தலில் அக்கட்சிக்குக் கிடைத்தவை 175 இடங்களில் 11. ஏரிக்கரை ஊர்கள் அடங்கிய சூளூர்ப்பேட்டைத் தொகுதியும் தெலுங்கு தேசத்திடம் போயிற்று. ஆங்கில வழியை மக்கள் நிராகரித்தார்கள் என்று இதற்குப் பொருள் சொல்ல முடியாது. அந்தத் தேர்தலில் நிலப் பட்டா முதல் தலைநகர்வரை எத்தனையோ பிரச்சினைகள் இருந்தன. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஆட்சி மாறியதும் டோஃபல் ஏற்பாடு கைவிடப்பட்டது. ஆங்கிலக் கல்வி தேர்தல் பொருளானபோது அது பயிற்றுமொழியாகவும், கருவியாகவும், தேர்வாகவும் உருவெடுத்தது. எளிதில் அறிவிக்கக்கூடியவையும் எளிதில் நிறுத்தக்கூடியவையும் இவைதான். வகுப்பில் ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியருக்கே அந்த மொழியில் எவ்வளவு பயிற்சி உண்டு என்ற கேள்வி மேடைக்கு வரவே இல்லை.

இதில் மீனவர் ஊர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நெல்லூர்க் கடற்கரையின் பட்டப்பு மீனவர்கள் வீட்டில் தமிழின் ஒரு வட்டார வடிவத்தைப் பேசுபவர்கள். பள்ளியில் தெலுங்கா ஆங்கிலமா என்ற சண்டை மாநிலம் முழுக்க நடந்தபோது, இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டுமே வீட்டு மொழி இல்லை என்பதை இரு தரப்பும் கணக்கில் எடுக்கவில்லை. தாய்மொழி வழிக் கல்விக்காக வாதாடியவர்கள் ‘தாய்மொழி’ என்று சொன்னபோதெல்லாம் தெலுங்கையே குறித்தார்கள். மாநில எல்லையை வகுத்த படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. கோடு போட்டபின் மொழி கோட்டுக்குள் அடங்கிவிட்டது என்று இரு மாநில நிர்வாகங்களும் எடுத்துக்கொண்டன. ஏரியில் வலை போடுகிறவர்கள் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. எல்லைத் தகராறு வரும்போது இரு மொழியும் தெரிந்த ஆளைத்தான் பேச அனுப்ப வேண்டியிருக்கிறது.

தென்கரை: மீனவர் ஊர்களின் கோரிக்கைப் பட்டியல்

தமிழ்நாட்டுப் பக்கம் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம், தோணிரேவு, ஜமீலாபாத் எனப் பல ஊர்கள். தேர்தல் நேரத்தில் இந்த ஊர்களின் கோரிக்கைகள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வருகின்றன. முகத்துவாரம் மணல் மூடாமல் நிரந்தரமாகத் திறந்திருக்க வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் கூடாது. ஆந்திர எல்லையில் மீன்பிடித் தகராறு தீர வேண்டும். ராக்கெட் ஏவும் நாள்களில் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை விதிக்கும்போது அந்த நாளின் வருமானத்துக்கு வழி வேண்டும். ஆங்கிலக் கல்வி இந்த வரிசையில் இல்லை.

இதைப் படிப்பில் அக்கறையின்மை என்று சிலர் சொல்வதுண்டு. சான்று அதற்கு எதிராக இருக்கிறது. ஏரியில் பிடிப்பு குறையக் குறைய, பிள்ளை வலைக்கு வரக் கூடாது என்பது ஏரிக்கரைக் குடும்பங்களில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. ஆங்கிலம் வேண்டும் என்ற விருப்பம் இங்கே வலுவாகவே இருக்கிறது. ஆனால் அது அரசிடம் கேட்கும் பொருளாக இல்லாமல், காசு கொடுத்து வாங்கும் பொருளாக ஆகிவிட்டது. முடிந்தவர்கள் பொன்னேரியின் மெட்ரிக் பள்ளிக்கு வேனில் அனுப்புகிறார்கள். முடியாதவர்களுக்கு, அரசுப் பள்ளிகளில் 2012-13-ஐ ஒட்டித் தொடங்கிய ஆங்கில வழிப் பிரிவுகள் இருக்கின்றன. பெயரளவில் ஆங்கில வழி கிடைத்துவிட்ட இடத்தில், ‘ஆங்கிலம் வேண்டும்’ என்று கேட்பதற்கு வாசகம் இல்லாமல் போகிறது. ‘இதைவிட நல்ல ஆங்கிலம் வேண்டும்’ என்பது நோட்டீஸில் அச்சிடக்கூடிய கோரிக்கையாக மாறுவது கடினம்.

ஆங்கிலம் இந்த ஊர்களின் அரசியலுக்குள் வேறு வழியாக நுழைந்திருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரி 22 அன்று பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் குறிக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5-க்குக் குறிக்கப்பட்ட கூட்டமும் அதேபோல ஒத்திவைக்கப்பட்டது. இடையில் வந்த 2021 சட்டமன்றத் தேர்தலில் இந்த விரிவாக்கம் முக்கியப் பேச்சாயிற்று. 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, அறிக்கையின் சுருக்கத்தை மட்டும் உள்ளூர் மொழியில் தந்தால் போதும். முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் இருக்கும். எந்த அலைக்கணக்கின் அடிப்படையில் கரை அரிக்காது என்று சொல்லப்படுகிறது, இறால் குஞ்சு வளரும் இடங்கள் வரைபடத்தில் எங்கே குறிக்கப்பட்டிருக்கின்றன என்பவை எல்லாம் அந்த ஆங்கிலப் பக்கங்களுக்குள்தான் இருக்கின்றன. முகத்துவாரத்தில் நீரோட்டம் எந்த மாதம் எப்படித் திரும்பும் என்று வயிற்றுப்பாட்டுக்காகத் தெரிந்துவைத்திருப்பவர், அதே நீரோட்டத்தைப் பற்றிய அட்டவணையைப் படிக்க இன்னொருவரை நம்ப வேண்டியிருக்கிறது.

இதற்கு மீனவர் ஊர்களும் அவர்களுக்குத் துணைநின்ற சென்னைக் குழுக்களும் கண்ட தீர்வு மொழிபெயர்ப்பு. அறிக்கையைத் தமிழில் விளக்குவது, தமிழில் கேட்பது. 2020 ஜூன் 30 அன்று தில்லி உயர் நீதிமன்றம் புதிய வரைவு அறிவிக்கையை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடச் சொன்னதும் இந்தத் திசையில்தான். தன் ஊரில் தன் நிலத்தில் இருப்பவர், அரசு தன் மொழிக்கு வர வேண்டும் என்று கேட்பது நியாயம், அதுதான் முறையும். அரசின் மொழியைத் தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கோரிக்கை வைக்க அவருக்கு அவசியமில்லை. அந்த அவசியம் ஊரை விட்டு வந்தவருக்குத்தான் ஏற்படுகிறது. மொழிபெயர்ப்பு இயக்கமும் மொழிக் கல்வி இயக்கமும் ஒன்று என்று எண்ணுவது இந்த இடத்தில் தடுமாற வைக்கும்.

மீனவர் வாக்கின் எடை பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் பொன்னேரிச் சட்டமன்றத் தொகுதியும் திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. ஆந்திரப் பக்கம் சூளூர்ப்பேட்டையும் திருப்பதியும் அப்படியே. பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டின் நியாயம் குறித்து இங்கே கேள்வி இல்லை. ஆனால் நான்கு தொகுதிகளின் ஒதுக்கீடும் ஏரியைச் சுற்றி ஒன்றுசேரும்போது ஒரு விளைவு உண்டு: தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பில் வரும் பட்டினவர் சமூக மீனவர்கள் தம் சொந்தத் தொகுதியில் வேட்பாளராக நிற்க முடியாது. அவர்களால் வாக்களிக்க முடியும், கோரிக்கை மனு தர முடியும், புறக்கணிப்பு அறிவிக்க முடியும். மூன்றுக்குமே அவசரமான, கண்ணால் காட்டக்கூடிய கோரிக்கைகளே பொருந்துகின்றன. மூடிப்போன முகத்துவாரத்தைக் காட்டலாம்; வகுப்பில் கிடைக்காத ஆங்கிலத்தை அப்படிக் காட்ட முடியாது.

ஆரணியாற்றின் மேல்புறம்: சூளைப் பிள்ளைகள்

ஏரியில் கலக்கும் ஆரணியாற்றோடு மேற்கே போனால் பொன்னேரி, அதற்கு அப்பால் பெரியபாளையம். இந்தப் பக்கத்திலும் செங்குன்றம் வட்டாரத்திலும் உள்ள செங்கல் சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா, களாஹாண்டி மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். ஊரில் அறுவடை முடிந்ததும் சர்தார் எனப்படும் தரகரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு புறப்பட்டு, மழை தொடங்கும் ஜூன் வாக்கில் திரும்புகிறார்கள். வேலைக் கணக்கு ஆளுக்கு இல்லை, ‘பதூரியா’ என்ற குழுவுக்கு: ஆண், பெண், ஒரு பிள்ளை. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. அறுத்துப் போட்ட ஈரக் கல்லை வெயிலில் புரட்டிப் போடுவது பிள்ளையின் வேலை. பெரியவர் மிதித்தால் கல் நசுங்கும். பிள்ளையின் எடை கல்வரிசையைக் கெடுக்காது. இந்தக் கணக்கில் பிள்ளை பள்ளிக்குப் போவது என்றால் குழுவில் ஓர் ஆள் குறைவது.

இங்கே நடந்த மொழிக் கல்வி முயற்சி இந்தியாவில் அபூர்வமானது. திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டச் சூளைகளில் அனைவருக்கும் கல்வி இயக்கமும் எய்ட் எ ஆக்ஷன் போன்ற தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பணியிடப் பள்ளிகளை நடத்தின. ஒடிசா அரசின் பாடநூல்கள் வரவழைக்கப்பட்டன. ஒடியா தெரிந்த ஆசிரியர்கள் அங்கிருந்தே அழைத்துவரப்பட்டார்கள். பிள்ளை ஊருக்குத் திரும்பும்போது விட்ட வகுப்பைத் தொடர வேண்டும் என்பது நோக்கம். கல்வி உரிமைச் சட்டத்தின் தாய்மொழி விதியை எழுத்துப்படி நிறைவேற்றிய ஏற்பாடு இது. அதே சமயம் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஒடியா மட்டும் படித்த பிள்ளை வளர்ந்து அதே சூளைக்கோ காட்டுப்பள்ளிக்கோ வரும்போது, மேஸ்திரியின் மொழியும் மருத்துவமனையின் மொழியும் தெரியாமலே வருகிறது. 2025-இல் பள்ளிக் கல்வித் துறை ‘தமிழ் மொழி கற்போம்’ என்ற பெயரில் புலம்பெயர் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க எடுத்த முயற்சி எதிர்த்திசையில் போகிறது: வந்தவர்கள் இங்கேயே இருக்கப்போகிறார்கள் என்று கொள்வது அது. இரண்டில் எது சரி என்பது குடும்பம் திரும்புமா, தங்குமா என்பதைப் பொறுத்தது. சூளைக் குடும்பத்துக்கு முதலாவதும், தொழிற்சாலை வேலையில் நிலைத்த குடும்பத்துக்கு இரண்டாவதும் பொருந்தும் என்பதே சரியான நிலைப்பாடாகப் படுகிறது. ஆங்கிலம் இரண்டிலும் ஒரு பாடமாக மட்டுமே நிற்கிறது.

இந்த இரண்டு முயற்சிகளும் நிர்வாக முடிவுகளாகவே பிறந்தன. தேர்தல் பிரச்சாரத்தில் கேட்கப்பட்டு, ஒரு கட்சி வாக்குறுதி தந்து, அதிலிருந்து வந்தவை என்று சொல்ல இடமில்லை. காரணம் நாள்காட்டியிலேயே இருக்கிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது. களாஹாண்டித் தொகுதிக்கு மே 13, பலாங்கீருக்கு மே 20. மூன்று நாள்களும் சூளை வேலை உச்சத்தில் இருக்கும் காலத்தில் விழுந்தன. தாங்கள் வாழும் ஊரில் நடந்த தேர்தலில் இந்தக் குடும்பங்களுக்கு வாக்கு இல்லை. வாக்கு இருந்த ஊரில் தேர்தல் நடந்தபோது அவர்கள் அங்கே இல்லை. பழவேற்காட்டில் பாடு முறை என்று ஒன்று உண்டு: எந்தக் குடும்பம் எந்த நாளில் ஏரியின் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை ஊர் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு முறை வராது, அவர் எவ்வளவு நாள் கரையில் நின்றாலும். வாக்காளர் பட்டியலும் இந்த வகையில் பாடு முறைப் பட்டியல் போலத்தான் இயங்குகிறது.

கும்மிடிப்பூண்டி: விதிக்கு ஒரு விலக்கு

வாக்கில்லாதவர் தேவை தேர்தல் அரசியலில் எடுபடாது என்று இங்கேயே முடிவு கட்டிவிட முடியாது. கும்மிடிப்பூண்டி முகாமிலுள்ள இலங்கைத் தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை, வாக்கும் இல்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அவர்களைச் சேர்க்கவில்லை. ஆனால் 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அவர்களுக்காக 317.40 கோடி ரூபாய் அளவில் திட்டங்களை அறிவித்தது: புதிய வீடுகள், உயர்த்தப்பட்ட பணக்கொடை, கல்வி உதவித் தொகை. அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என மாறியது.

இவர்களுக்காகப் பேசியவை மற்றவர்களின் வாக்குகள். ஈழத் தமிழர் பிரச்சினையைத் தம் பிரச்சினையாகக் கருதும் வாக்காளர் கூட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. கட்சிகள் அதை அறிந்திருக்கின்றன. ஒடியாப் பிள்ளைக்கு அப்படியொரு கூட்டம் இங்கே இல்லை. மாறாக, 2023 மார்ச்சில் பிகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோதும், 2025-இல் வெளிமாநிலத்தவரின் பெயர்கள் தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் சேர்வது குறித்துச் சர்ச்சை எழுந்தபோதும், வந்தவர்கள் ஓர் எண்ணிக்கையாகவும் அச்சமாகவுமே தேர்தல் பேச்சில் இடம்பெற்றார்கள்.

பிரிட்டன்: யார் பிரச்சாரம் செய்தார்கள்

குடிபெயர்ந்தோருக்கான ஆங்கிலக் கல்வி, இயக்கமாகவும் தேர்தல் பொருளாகவும் ஆன நாடு பிரிட்டன். 1999-இன் மோசர் அறிக்கையைத் தொடர்ந்து 2001-இல் அமைந்த ‘வாழ்வுக்கான திறன்கள்’ என்ற திட்டத்தின்கீழ் இங்கிலாந்தில் குடிபெயர்ந்தோருக்கான ஆங்கில வகுப்புகள் பெரும்பாலும் இலவசமாக நடந்தன. 2007-இல் கட்டணம் வந்தது. 2010 தேர்தலுக்குப்பின் அமைந்த கூட்டணி அரசு இன்னும் வெட்டப் பார்த்தபோது ‘ஆக்ஷன் ஃபார் ஈசால்’ (ஈசால்: பிறமொழி பேசுவோருக்கான ஆங்கிலம்) என்ற இயக்கம் தெருவுக்கு வந்தது. 2011-இல் அரசு ஓரளவு பின்வாங்கியது. ஆனாலும் இங்கிலாந்தில் இதற்கான நிதி 2010-இல் சுமார் 20 கோடி பவுண்டாக இருந்து 2016-இல் 9 கோடியாகக் குறைந்தது. 2016 ஜனவரியில் பிரதமர் கேமரன் முஸ்லிம் பெண்களின் ஆங்கிலத்துக்கு 2 கோடி பவுண்டு அறிவித்தார். அந்த அறிவிப்பு பாதுகாப்பையும் தீவிரவாதத்தையும் பற்றிய பேச்சோடு வந்ததால், வகுப்பைக் கேட்டவர்களே அதைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அகதிகள் நல அமைப்பான ரெஃப்யூஜி ஆக்ஷன் அதே ஆண்டு தனிப் பிரச்சாரத்தைத் தொடங்கியது.

பிரிட்டனுக்கும் திருவள்ளூருக்கும் உள்ள வேறுபாட்டைச் செல்வ நாடு, ஏழை நாடு என்ற அளவில் விளக்குவது எளிது, போதாது. இரண்டு விஷயங்கள் அதைவிட முக்கியம். ஒன்று, பிரிட்டனில் சட்டப்படி தங்க அனுமதி பெற்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ லண்டனின் ஈஸ்ட் ஹாமுக்கோ ஹாரோவுக்கோ போய்ச் சேர்ந்த ஒரு தமிழர், ஆங்கிலம் பேசக் கற்பதற்கு முன்பே வாக்காளராகிவிட முடியும். இந்தியக் குடிமகனான பலாங்கீர்க்காரர் சொந்த நாட்டுக்குள்ளேயே ஆண்டில் பாதியைக் கழிக்கும் ஊரில் நடைமுறையில் அந்த வாக்குரிமையைப் பெறுவதில்லை. ஸ்காட்லாந்து 2020-இல் ஒரு படி மேலே போய், தங்க அனுமதி பெற்ற அகதிகள் உட்பட வெளிநாட்டவருக்கும் தன் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை தந்தது.

இன்னொன்று, அந்த இயக்கத்தின் முன்வரிசையில் நின்றவர்கள் ஆசிரியர்கள். கல்லூரிகளில் சம்பளத்துக்கு ஆங்கிலம் கற்பித்தவர்கள், அவர்களின் தொழிற்சங்கம், தொழில்முறை அமைப்பு. வகுப்பு மூடினால் வேலை போகும் என்ற நேரடிக் காரணம் அவர்களுக்கு இருந்தது. அதில் தவறு எதுவும் இல்லை. பொதுநலமும் சொந்த நலனும் ஒரே இடத்தில் சந்திக்கும்போதுதான் பெரும்பாலான இயக்கங்கள் நிலைக்கின்றன. தமிழ்நாட்டிலும் ஆசிரியர் சங்கங்கள் தேர்தல் நேரத்தில் வலுவான சக்தி. பழைய ஓய்வூதியத்துக்காக ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ எழுப்பிய குரல் 2021-இல் வாக்குறுதியாகவே இடம்பெற்றது. சூளைப் பள்ளியின் ஒடியா ஆசிரியர் அந்தச் சங்கங்கள் எதிலும் இல்லை. அவர் ஒரு பருவத்துக்கு வந்த தற்காலிகப் பணியாளர், அவருடைய வாக்கும் ஒடிசாவில். புலம்பெயர் பிள்ளைகளுக்கு மொழி கற்பிப்பது நிரந்தரப் பணியிடமாக இருந்திருந்தால், மாணவருக்கு வாக்கு இல்லாவிட்டாலும் அந்த வகுப்புக்காகப் பேச வாக்குள்ள சிலர் இருந்திருப்பார்கள்.

பட்டியலுக்கு வெளியே உள்ள வழிகள்

வாக்கை ஆள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவரும் முயற்சி ஒன்று நடந்தது. 2022 டிசம்பர் 29 அன்று தேர்தல் ஆணையம், ஒரே சாவடியிலிருந்து 72 தொகுதிகளின் வாக்கைப் பதிவு செய்யக்கூடிய தொலைநிலை வாக்கு இயந்திரத்தின் மாதிரியை அறிவித்தது. 2023 ஜனவரியில் கட்சிகளிடம் அதைக் காட்ட அழைத்தபோது எதிர்க்கட்சிகள் பல எதிர்ப்புத் தெரிவித்தன. திட்டம் அத்தோடு நின்றது. அது நிறைவேறியிருந்தாலும் சூளைத் தொழிலாளியின் வாக்கு பலாங்கீர் வேட்பாளருக்கே போயிருக்கும். திருவள்ளூரில் என்ன வகுப்பு நடக்க வேண்டும் என்பதைப் பலாங்கீர் உறுப்பினரால் முடிவு செய்ய முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950, ‘சாதாரணமாக வசிக்கும்’ இடத்தில் பதிவு செய்ய அனுமதிக்கிறது. ஆனால் ஊர்ப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தால் அங்குள்ள ரேஷன், வீட்டுத் திட்டம், ஊராட்சிச் செல்வாக்கு எல்லாம் தளரும் என்ற அச்சம் பருவகாலத் தொழிலாளியைத் தடுக்கிறது. அந்த அச்சம் ஆதாரமற்றதும் இல்லை.

வாக்காளர் பட்டியலைச் சாராத மன்றம் ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு விகிதாசார இடம் தர வேண்டும். பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும். பெற்றோர் எந்த ஊர் வாக்காளர் என்று சட்டம் கேட்கவில்லை. பழவேற்காட்டு மீனவப் பெண்ணும் சூளையின் ஒடியாத் தாயும் சம உரிமையோடு உட்காரக்கூடிய அரசு மன்றம் இது ஒன்றுதான். ஆங்கில வழிப் பிரிவில் உண்மையில் என்ன கற்பிக்கப்படுகிறது என்ற கேள்வியையும், வெளிமாநிலப் பிள்ளைக்கு எந்த மொழியில் தொடங்குவது என்ற கேள்வியையும் மேலாண்மைக் குழுவின் தீர்மானமாக எழுப்ப முடியும்.

நடைமுறையில் இதற்கு இரண்டு தடைகள். பணியிடப் பள்ளிப் பிள்ளைகளின் பெயர் முறையான பள்ளிப் பதிவேட்டில் ஏறினால்தான் பெற்றோருக்கு இந்தத் தகுதி கிடைக்கும். பருவத்தின் நடுவில் வந்து நடுவில் போகும் பிள்ளையின் பெயர் பல நேரங்களில் ஏறுவதில்லை. அடுத்தது மறுபடியும் நாள்காட்டி. தமிழ்நாட்டில் 2024-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டது ஆகஸ்ட் மாதத்தில். ஜூனில் சூளை அணைந்தபின் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும். மறுபடி வருவது மழை ஓய்ந்து, அறுவடையும் முடிந்தபிறகுதான். மறுகட்டமைப்பை டிசம்பருக்கோ ஜனவரிக்கோ தள்ளிவைக்கச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. பள்ளிக் கல்வித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.